"காத்துக்கு எடை கிடையாதே மிஸ்": ஒரு பதினோராம் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பு, உயிரியல்–கணிதப் பிரிவு, தமிழ் வழி. பிள்ளைகளில் பெரும்பாலோர் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் போடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஒளிச்சேர்க்கைப் பாடம் முடிந்து அலகுத் தேர்வும் வைத்தாகிவிட்டது. மதிப்பெண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவர்த்தனப் பண்புகள் (தனிமங்களின் குணங்கள் அட்டவணையில் இடத்துக்கு இடம் எப்படி மாறுகின்றன என்ற வேதியியல் பாடம்) பல மாதங்களுக்கு முன்பே முடிந்தது, அதையும் காலாண்டில் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனாலும் தாவரவியல் ஆசிரியைக்கும் வேதியியல் ஆசிரியருக்கும் தனித்தனியே ஒரே உறுத்தல்: விடைத்தாளில் இருப்பது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புரிந்ததுதானா? வெளியாள் ஒருவர் இருந்து கவனித்தால் நல்லது என்று, பக்கத்து ஒன்றியத்தில் வேதியியல் எடுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளும், பிறகு பிள்ளைகளோடு பேசியதும்தான் இந்த ஆய்வுக்கு ஆதாரம். பள்ளியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

வேப்பங்கட்டை

தாவரவியல் ஆசிரியை நன்றாகக் காய்ந்த வேப்பங்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். விதை எவ்வளவு சின்னது என்று எல்லோருக்கும் தெரியும். "இந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

முதலில் வந்த பதில் மண். அடுத்து உரம். அப்புறம் தண்ணீர். ஒரு பையன், "சூரிய ஒளிதான் மிஸ் எடையா மாறுது" என்றான். கேட்க நன்றாக இருந்தது, வகுப்பில் பலர் தலையாட்டினார்கள். முந்தின வாரம் சமன்பாட்டைச் சமன்செய்து, ஆறு கார்பன் டை ஆக்சைடும் பன்னிரண்டு நீரும் சேர்ந்து குளுக்கோஸ் வரும் என்று அம்புக்குறி போட்டு முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இவர்கள். ஒரே ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "காத்துல இருந்துன்னுதான் எழுதணும் மிஸ். ஆனா காத்துக்கு எடை கிடையாதே மிஸ்."

இந்த ஆய்வில் நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அதுதான். தேர்வுக்கு என்ன எழுத வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தான் எதை நம்புகிறாள் என்பதும் தெரியும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதும் தெரியும். மற்றவர்களுக்கு அந்த மூன்றாவது விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை வைத்து அரசுப் பள்ளியின் தரம், தமிழ் வழியின் தரம் என்று பேச்சை ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1990களில் ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் எடுத்த ஒரு கல்விப் படத்தில், ஹார்வர்டு, எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள், கையில் விதையையும் கட்டையையும் கொடுத்து. அங்கேயும் மண், தண்ணீர் என்ற பதில்கள்தான் வந்தன. காற்றிலிருந்து என்று சொன்னபோது நம்ப முடியாமல் விழித்தவர்கள் உண்டு.

கேள்வியே பழையது. பெல்ஜியத்து வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் விட்டு வளர்த்தார். மரம் 169 பவுண்டும் சொச்சமும் ஆயிற்று. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மண் இல்லை என்பதை அவர் நிரூபித்துவிட்டார். பிறகு, "அப்படியென்றால் எல்லாம் தண்ணீர்தான்" என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. அதே மனிதர்தான் 62 பவுண்டு கரியை எரித்து ஒரு பவுண்டு சாம்பல் மிஞ்சியதைப் பார்த்து, மீதி கண்ணுக்குத் தெரியாத வாயுவாகப் போயிற்று என்று கண்டு சொன்னவர். மரம் எரிந்து வாயுவாகப் போவதைக் கண்டவருக்கு, வாயு திரும்ப வந்து மரமாகும் என்று தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை இதற்குமேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உரம் என்று சொன்னவர்களின் வாதத்தை ஆசிரியை தட்டிவிடவில்லை, அது நல்ல முடிவு. மக்காச்சோளம் போடும் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "யூரியா போடாத வயல்ல கதிர் எடையே நிக்காது மிஸ், எங்க வயல்ல வந்து பாருங்க" என்றான். அவன் பார்த்தது உண்மை. யூரியாவிலிருந்து வரும் நைட்ரஜன் பச்சையத்துக்கு வேண்டும். ஒவ்வொரு பச்சைய மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கட்டும் ருபிஸ்கோ நொதி புரதம், அதற்கும் நைட்ரஜன் வேண்டும். நைட்ரஜன் இல்லாவிட்டால் இலை சிறுத்து வெளுத்துப்போகும், காற்றிலிருந்து கார்பனை இழுக்கும் வேலை படுத்துவிடும். ஆக எடை கூடுவதற்கு யூரியா காரணம். ஆனால் கூடிய எடை யூரியா அல்ல. காரணம் வேறு, மூலப்பொருள் வேறு என்ற இந்த இடத்தை விளக்காமல் "மண் தப்பு, காற்று சரி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், பையன் வயலை நம்புவானா கரும்பலகையை நம்புவானா? வயலைத்தான்.

மண் கொடுத்தது எவ்வளவு என்பதற்கு வேப்பங்குச்சிகளை எடை போட்டு, இரும்புச் சட்டியில் எரித்து, சாம்பலை எடை போட்டார்கள். மரத்தைப் பொறுத்தவரை கிலோவுக்குப் பத்து இருபது கிராம்தான் சாம்பல் மிஞ்சும். கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற கனிமங்கள் அதில்தான் இருக்கும். நைட்ரஜனும் கந்தகமும் புகையோடு போய்விடும் என்பதால் மண்ணின் முழுக் கணக்கு சாம்பல் மட்டும் அல்ல. ஆனாலும் மொத்தத்தில் சொற்பம்.

பிறகு கரும்பலகைக் கணக்கு. ஆறு மோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஓர் அளவு) கார்பன் டை ஆக்சைடு 264 கிராம், பன்னிரண்டு மோல் நீர் 216 கிராம். கிடைப்பது 180 கிராம் குளுக்கோஸ், 192 கிராம் ஆக்சிஜன், 108 கிராம் நீர். இரண்டு பக்கமும் 480. அந்த 180 கிராமில் கார்பன் 72, ஆக்சிஜன் 96. இரண்டுமே கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. நீரிலிருந்து வந்தது 12 கிராம் ஹைட்ரஜன் மட்டும். அதாவது குளுக்கோசின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு காற்று. "காத்துக்கு எடை கிடையாதே" என்ற மாணவி இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன்.

அம்புக்குறிகள்

மறுநாள் வேதியியல். ஆவர்த்தன அட்டவணையின் ஓரத்தில் போடும் அந்த இரண்டு அம்புக்குறிகளைத் தெரியாத பதினோராம் வகுப்புப் பிள்ளை கிடையாது: இடமிருந்து வலம் போனால் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழற்ற வேண்டிய ஆற்றல்) கூடும், மேலிருந்து கீழே வந்தால் குறையும். ஆசிரியர் கேட்டது எளிய கேள்வி. சோடியம், மெக்னீசியம், அலுமினியம் மூன்றில் எதற்கு முதல் அயனியாக்கும் ஆற்றல் அதிகம்?

வகுப்பு முழுக்க அலுமினியம் என்றது. மதிப்புகளை எழுதினார்: சோடியம் 496, மெக்னீசியம் 738, அலுமினியம் 578, எல்லாம் ஒரு மோலுக்குக் கிலோ ஜூலில். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒருவன், "விதிவிலக்கு சார்" என்றான். எல்லோருக்கும் நிம்மதி. விதிவிலக்கு என்று பெயர் வைத்தாயிற்று, இனி யோசிக்க வேண்டாம்.

அவர் விடவில்லை. "சரி, விதிவிலக்கை விடு. விதிக்கே காரணம் சொல்லு. தொடர்ல வலப்பக்கம் போகப் போக அணு ஏன் சின்னதாகுது?" வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "ஏன்னா சார், இடமிருந்து வலம் போனா அணு ஆரம் குறையும்." கேள்வியையே பதிலாகத் திருப்பிக் கொடுத்திருந்தான். கிண்டலாக அல்ல, முழு நம்பிக்கையோடு.

அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுகிறது. புதிதாக வரும் எலக்ட்ரான் அதே கூட்டில் (எலக்ட்ரான் அடுக்கில்) சேர்வதால் மற்ற எலக்ட்ரான்களை அணுக்கருவின் இழுப்பிலிருந்து சரியாக மறைக்க முடிவதில்லை. ஆகவே வெளி எலக்ட்ரான் உணரும் நிகர இழுப்பு கூடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் கேட்டபோது வந்தது அம்புக்குறி. அலுமினியத்தில் கழற்ற வேண்டியது 3பி எலக்ட்ரான் (எஸ், பி என்பவை மூன்றாம் கூட்டின் உட்பிரிவுகள்), அது மெக்னீசியத்தின் 3எஸ் எலக்ட்ரானைவிட உயர்ந்த ஆற்றலில் இருக்கிறது, உள்ளே இருக்கும் 3எஸ் ஜோடி அதைக் கொஞ்சம் மறைக்கவும் செய்கிறது. இழுப்பு எவ்வளவு, தூரம் எவ்வளவு, நடுவில் மறைப்பது யார் என்ற மூன்றை வைத்து யோசித்தால் இது விதிவிலக்கே அல்ல.

அடுத்து நைட்ரஜனும் ஆக்சிஜனும். இங்கே பிள்ளைகள் உஷாராக இருந்தார்கள், தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. நைட்ரஜனுக்குத்தான் அதிகம், ஏனென்றால் பாதி நிரம்பிய ஆர்பிட்டால் (ஆர்பிட்டால் என்பது இரண்டு எலக்ட்ரான் வரை தங்கும் இடம்) நிலைப்புத்தன்மை வாய்ந்தது என்று ஒப்பித்தார்கள். இந்த வாக்கியத்தின்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு. மந்திரம்போல எல்லா இடத்திலும் ஓதப்படுகிறது, எதையும் விளக்குவதில்லை.

அன்றைக்கு நடந்த நல்ல காரியம், ஆசிரியர் வாதம் பண்ணாமல் வரைபடத்தாளைக் கொடுத்தது. போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081. புள்ளி வைத்து, முதல் மூன்றையும் ஒரு கோட்டால் இணைத்து அந்தக் கோட்டை அப்படியே நீட்டச் சொன்னார். நீட்டினால் ஆக்சிஜன் 1700ஐத் தாண்டி நிற்க வேண்டும், நிற்பதோ 1314இல். ஃபுளூரினும் நியானும்கூட அந்த நீட்டிய கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. பிந்தின மூன்றையும் இணைத்தால் முதல் கோட்டுக்குக் கிட்டத்தட்ட இணையாக, கீழே ஒரு கோடு.

ஒரு மாணவிதான் முதலில் கண்டுபிடித்தாள். "சார், நைட்ரஜன் மேல ஏறல சார். அது அதோட லைன்லயேதான் இருக்கு. அதுக்கு அப்புறம் வர்ற மூணும்தான் கீழ எறங்கியிருக்கு."

இதைப் பார்த்துவிட்டால் நைட்ரஜனின் தனிச்சிறப்பு என்ற கதை தானாக விழுந்துவிடுகிறது. ஆக்சிஜனில்தான் முதன்முறையாக ஒரே 2பி ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேர வேண்டியிருக்கிறது. அவை ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்றைக் கழற்றுவது எளிதாகிறது. ஃபுளூரினிலும் நியானிலும் கழற்றுவது அப்படி ஜோடியான எலக்ட்ரானைத்தான். வீட்டில் செய்துவரச் சொன்னது அட்டவணையின் அடுத்த வரிசை: பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. இறக்கம் இருக்கிறது, ஆனால் ஒட்டினாற்போல. ஆர்பிட்டால் பெரிதானதால் ஜோடிக்குள் விலக்கம் குறைவு. பாதி நிரம்பிய நிலைப்புத்தன்மை மட்டும் தெரிந்தவர்கள் இந்த இரண்டாவது வித்தியாசத்துக்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வகுப்பிலும் நோய் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. ஒளிச்சேர்க்கையில் பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தொலைந்து சமன்பாடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆவர்த்தனப் பண்பில் எது எதை இழுக்கிறது என்பது தொலைந்து அம்புக்குறி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சேர்த்து எடுத்த இரண்டு பீரியடு

ஆசிரியர்கள் இருவரும் அடுத்தடுத்த பீரியடுகளைச் சேர்த்து ஆய்வகத்தில் ஒரே வகுப்பாக எடுத்தார்கள். முதலில் அந்த மாணவியின் சந்தேகம். மின்னணுத் தராசின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள கூம்புக் குடுவை, பக்கத்தில் காகிதத்தில் 8.4 கிராம் சமையல் சோடா. மொத்த எடையைக் குறித்துக்கொண்டு சோடாவை உள்ளே கொட்டி, காகிதத்தைத் திரும்பத் தராசிலேயே வைத்தார்கள். நுரைத்தது. எண் இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கி நான்கு கிராமுக்குப் பக்கத்தில் குறைந்து நின்றது. கணக்குப்படி 4.4 கிராம் போக வேண்டும். கொஞ்சம் குடுவைக்குள்ளும் கரைசலிலும் தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் குடுவையின் வாய் வழியே போனது நான்கு கிராம். அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு கிலோ காய்ந்த மரத்தில் சுமார் அரைக் கிலோ கார்பன். காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்தாயிரத்துக்கு நான்கு பங்குதான், ஒரு கன மீட்டர் காற்றில் கார்பன் 0.2 கிராம். இருபதுக்கு இருபது அடி, பத்தடி உயர வகுப்பறையில் இருக்கும் கார்பன் முழுவதையும் உறிஞ்சினாலும் 23 கிராம்தான். அந்த வேப்பங்கட்டைக்கு இருபது வகுப்பறைக் காற்றுக்கு மேல் வேண்டும். இதைப் பிள்ளைகளே போட்டார்கள். (நடுவில் புளியமரம் வந்தது. இரவில் அது விடும் கரியமில வாயுவால்தான் அடியில் படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், அதுதான் பேயாம். பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவுக்கு அதே வாயுவை விடுகிறார் என்றதும் வகுப்பு சிரித்தது. மூடநம்பிக்கைக்குள் அறிவியலைத் திணிக்கும் இந்த வழக்கம் எப்போது ஒழியுமோ.)

வகுப்பின் உயிரான பகுதி இனிமேல்தான். வான் நீல் என்ற பெயரைப் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் வினாவுக்காகத் தெரிந்துவைத்திருந்தார்கள். கலிபோர்னியாவின் கடலோர ஆய்வகத்தில் வேலை பார்த்த நுண்ணுயிரியலாளர். ஊதாக் கந்தக பாக்டீரியாக்கள் நீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொண்டு, ஆக்சிஜன் விடாமல், செல்லுக்குள் கந்தக மணிகளைச் சேர்த்துவைக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு செடிக்கும் இந்த பாக்டீரியாவுக்கும் பொது. சல்பைடு எடுப்பது கந்தகம் தருகிறது என்றால், நீர் எடுப்பது தரும் ஆக்சிஜன் நீரிலிருந்துதானே வர வேண்டும்? 1931இல் அவர் முன்வைத்த தர்க்கம் இது. அதுவரை ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிகிறது என்றே பலர் நம்பினார்கள். 1941இல் பெர்க்லியில் ரூபனும் கேமனும் கூட்டாளிகளும் குளோரெல்லா பாசிக்கு ஆக்சிஜன்-18 (எடை கூடிய ஆக்சிஜன் வகை) கலந்த நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த ஆக்சிஜன் நீரின் கலவையையே ஒத்திருந்தது.

இங்கே வேதியியல் ஆசிரியர் எழுந்து ஆவர்த்தன அட்டவணைக்குப் போய் 16ஆம் தொகுதியில் விரலை வைத்தார். ஆக்சிஜன், அதற்கு நேர்கீழே கந்தகம். வான் நீல் ஒப்பிட்ட இரண்டும் ஒரே வீட்டுத் தனிமங்கள். "ரெண்டுல எதுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்குறது சுலபம்?"

அம்புக்குறி உதவியது, ஆனால் இப்போது காரணத்தோடு. கந்தகத்தில் ஒரு கூடு அதிகம், அணு பெரிது, எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் எலக்ட்ரானை இழுக்கும் வலு) 2.58; ஆக்சிஜனுக்கு 3.44. ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு சுமார் 463 கிலோ ஜூல், கந்தகம்–ஹைட்ரஜன் அதைவிட ஏறக்குறைய 100 குறைவு. உயிரணுவின் சூழலில் நீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்க வேண்டிய மின்னழுத்தம் +0.82 வோல்ட், சல்பைடுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே, −0.25 பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல்.

அந்த ஒரு வோல்ட்தான் இலைக்குள் இருக்கும் ஏற்பாட்டை விளக்குகிறது. ஊதா பாக்டீரியாவில் ஒளியைப் பிடித்து எலக்ட்ரானைத் தள்ளும் அமைப்பு ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, 870 நானோமீட்டர் அளவில் போதும். ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஓர் ஒளித்துகளுக்கு, 1.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். செடிக்கு 680இல் ஒன்று, 700இல் ஒன்று என இரண்டு ஒளி அமைப்புகள் அடுத்தடுத்து வேண்டும். நீரிலிருந்து பிடுங்கவும் வேண்டும், எலக்ட்ரானைச் சுமந்துபோகும் என்.ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வரைக்கும் ஏற்றிவிடவும் வேண்டும். ஒரே ஃபோட்டானால் இரண்டும் நடக்காது. ஒளிவினையின் அந்த வளைந்த படத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக வரைவார்கள். படத்தில் ஏன் இரண்டு ஏற்றம் என்று அன்றைக்குத்தான் கேள்வி வந்தது.

மக்காச்சோளப் பையன் மறுபடி எழுந்தான். "அப்ப செடி ஏன் சார் லேசா கெடைக்கிற சல்பைடை விட்டுட்டு, கஷ்டமான தண்ணியைப் புடிச்சுச்சு?" லேசாகப் பிடுங்கலாம், லேசாகக் கிடைக்காது என்பதுதான் பதில். சல்பைடு வெந்நீர் ஊற்றிலும் ஆக்சிஜன் புகாத சேற்றிலும்தான் உண்டு. நீர் எங்கும் உண்டு. நீரைப் பிளக்கும் வித்தையை முதலில் பழகியவை சயனோபாக்டீரியாக்கள், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் ஏற ஆரம்பித்தது அவற்றால். அந்த வேலையை இலைக்குள் செய்யும் இடத்தில் நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் உட்கார்ந்திருக்கின்றன. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அணு அமைப்பைத் துல்லியமாகப் படம்பிடித்தார்கள்.

சிவந்த இலையும் புளி விட்ட கீரையும்

கடைசி அரை மணி நேரத்துக்குப் பருத்தி இலை. பருத்திக்காட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இலை சிவந்துபோவதைப் பற்றிச் சொன்னாள், அப்பா மெக்னீசியம் சல்பேட் அடிக்கிறார் என்றும். அடியிலைதான் முதலில் சிவக்கிறதா, கொழுந்தா என்று ஆசிரியை கேட்டார். அடியிலை. மெக்னீசியம் செடிக்குள் நகரக்கூடியது; பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். நகராத இரும்பு குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும்.

பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஏன் சோடியம் இல்லை, ஏன் அலுமினியம் இல்லை? முந்தின நாள் தப்பாகச் சொன்ன அதே மூன்று தனிமங்கள். சோடியத்திடம் ஓர் எலக்ட்ரான் வாங்கலாம். இரண்டாவதற்கு 4562 கிலோ ஜூல். மெக்னீசியத்துக்கு 738, பிறகு 1451; மூன்றாவது கேட்டால் 7733. ஆக அது இரட்டை நேர்மின்சுமையோடு நிற்கும். பச்சையத்தின் வளையம் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை விட்டுவிட்டு இரட்டை எதிர்மின்சுமையோடு காத்திருக்கிறது. அளவும் பொருந்துகிறது, மெக்னீசியம் அயனியின் ஆரம் 72 பிக்கோமீட்டர்; ஒரு படி கீழே கால்சியம் 100. தவிர, அது எலக்ட்ரான் நிரம்பிய கூட்டோடு சும்மா இருப்பதால், ஒளியில் கிளர்ந்த பச்சையத்தின் ஆற்றலைத் தானே தின்று தீர்ப்பதில்லை.

பின் கீரை. எரிசாராயத்தில் ஊறிய கீரையின் பச்சைச் சாறு சோதனைக் குழாயில். சில சொட்டு நீர்த்த அமிலம் விட்டதும் பச்சை மங்கிப் பழுப்பேறிற்று. புளி சேர்த்துக் கடைந்த கீரையின் நிறம் அது என்று உடனே சொல்லிவிட்டார்கள். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் வளையத்துக்குள் புகுந்து மெக்னீசியத்தை வெளியேற்றிவிட்டன. அதில் துளி மயில்துத்தக் கரைசல் விட்டு, குழாயை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினால் மறுபடி பளிச்சென்ற பச்சை, இந்த முறை நடுவில் தாமிரம். அமிலத்துக்கும் அசையாது. ஆனால் ஒளியில் கிளர்ந்த ஆற்றலைத் தாமிரம் நொடியில் வீணாக்கிவிடும், ஒளிச்சேர்க்கைக்கு உதவாது.

அமிலத்தில் மெக்னீசியம் நிற்காது என்றால் அமில நீரில் வாழும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியா என்ன செய்யும் என்று கேட்டார் வேதியியல் ஆசிரியர். அசிடிஃபிலியம் ரூப்ரம் என்ற பாக்டீரியா, மெக்னீசியத்தின் இடத்தில் துத்தநாகத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது, 1996இல் தெரியவந்தது. துத்தநாக அயனியின் ஆரம் 74, மின்சுமை இரண்டு, கூடு நிரம்பியது. மூன்றையும் அட்டவணையில் பார்த்துப் பிள்ளைகளே சரிபார்த்தார்கள்.

பிறகு

சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரே ஒரு கேள்வி கொடுக்கப்பட்டது: ஹைட்ரஜன் செலினைடை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்; அதற்கு எத்தகைய ஒளி போதும், எதை வெளியிடும், ஏன்? செலினியம் வெளியாகும் என்பதைக் கிட்டத்தட்ட எல்லோரும் எழுதினார்கள். குறைந்த ஆற்றல் ஒளி போதும் என்று எழுதியவர்களில் ஒரு பகுதியினர் அணுவின் அளவையும் பிணைப்பையும் சொன்னார்கள். மற்றவர்கள் "தொகுதியில் கீழே வந்தால் குறையும்" என்று பழைய அம்புக்குறிக்கே போய்விட்டார்கள். சிலர் தலைகீழாக எழுதினார்கள், கீழே வந்தால் அணு பெரிது, பெரிய அணுவுக்குப் பெரிய ஆற்றல் வேண்டும் என்று. தவறுதான், ஆனால் காரணம் தேடிப் போய்த் தவறியது. இதைத் திருத்துவது சுலபம். அம்புக்குறிக்கே திரும்பிப்போன அந்த இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை.

கட்டைக் கேள்வியைத் திரும்பக் கேட்டபோது மண் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் இன்னும் போகவில்லை. பச்சை மரத்தில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான் என்பதால் அதைத் தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. காயவைத்த கட்டை என்று கேள்வியிலேயே எழுத வேண்டும் என்று ஆசிரியை குறித்துக்கொண்டார்.

இது ஒரு வகுப்பு. அவர்களோடு ஒப்பிட, இப்படிக் கற்காத இன்னொரு வகுப்பு இல்லை. இரண்டு ஆசிரியர்களும் ஒத்துப்போகிறவர்கள், தலைமையாசிரியர் பீரியடு மாற்றத்துக்குத் தடை சொல்லவில்லை. இது எல்லாப் பள்ளியிலும் அமையாது. பாடத்திட்ட வரிசையும் துணைக்கு இல்லை. ஆவர்த்தனப் பண்புகளுக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி.

நைட்ரஜன்–ஆக்சிஜன் கேள்வியில்தான் ஆசிரியர்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். திருத்துகிறவர் விடைக்குறிப்பை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார், பாதி நிரம்பிய ஆர்பிட்டால் என்ற சொல் இல்லாவிட்டால் பிள்ளைக்கு நஷ்டம் என்றார் ஆசிரியை. கடைசியில், அந்தச் சொல்லை முதல் வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் ஆக்சிஜனின் ஜோடி எலக்ட்ரான் விலக்கத்தை எழுதுவது என்று முடிவாயிற்று. வரைபடத்தாள் ரெக்கார்டு நோட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது, பாஸ்பரஸ்–கந்தகம் கோட்டையும் சேர்த்து.